பிள்ளை யாருடைய பொறுப்பு? பெற்றோர் அதிகாரமும் வெளியார் தலையீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வருகிற சில கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டப் பிரிவுகள் இந்தியா முழுவதற்கும் பொது, உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாடு. குழந்தை என்று சொல்லும்போதெல்லாம் 18 வயது நிரம்பாதவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மீசை முளைத்த பையனாக இருந்தாலும் சரி.

நான் பெற்றேன், நான் வளர்க்கிறேன். என் வீட்டு விஷயத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?

இதைக் கேட்பவர்களில் பலர் நல்ல பெற்றோர்தான், அதனால்தான் கோபம் வருகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு தாத்தா 10 வயதுப் பேரன் பேரில் 5 சென்ட் மனை எழுதி வைக்கிறார். அந்த மனையை அப்பா தன் இஷ்டத்துக்கு விற்க முடியுமா? முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 8ஆம் பிரிவின்படி கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை மேஜரான பிறகு அந்தக் கிரயம் செல்லாது என்று வழக்குப் போடலாம். பத்திர ஆபீஸ் வாசலை மிதித்தவர்களுக்கு இது தெரியும், மைனர் சொத்து என்று காதில் விழுந்ததுமே வாங்க வந்தவர் நழுவிவிடுவார். இதை யாரும் குடும்பத்தில் மூக்கை நுழைப்பது என்று சொல்வதில்லை. 5 சென்ட் மனைக்குக் கோர்ட் வரலாம், அந்தப் பையனின் உடம்புக்கும் படிப்புக்கும் மட்டும் வரக்கூடாது என்றால் கணக்கு உதைக்கிறது.

பெற்றோருக்கு அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளையால் தனக்காக முடிவெடுக்க முடியாத வயதில், அதன் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பு பெற்றோரிடம் இருக்கிறது. அதிகாரம் அந்தப் பொறுப்பிலிருந்து வருவதுதான். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, பாதுகாவலர் யார் என்று நீதிமன்றம் முடிவு செய்யும்போது மைனரின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலே என்கிறது. அப்பாவின் உரிமை, அம்மாவின் உரிமை எல்லாம் அதற்குப் பிறகு.

அப்படியானால் எது வரைக்கும் பெற்றோர் இஷ்டம்?

நிறைய தூரம் வரைக்கும். எந்தப் பள்ளி, எந்த மீடியம், எந்த சாமி, சைவமா அசைவமா, பிளஸ் ஒன்னில் எந்த குரூப், போன் எப்போது கையில் கொடுப்பது, ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும், இதெல்லாம் உங்கள் பாடு. டாக்டராகத்தான் ஆக வேண்டும் என்று பிள்ளையின் உயிரை வாங்கினால் எனக்குப் பிடிக்காது, ஆனால் அதற்காக அதிகாரி வீட்டுக்கு வர மாட்டார், வரவும் கூடாது. மோசமான பெற்றோராக இருப்பது குற்றம் அல்ல. பிள்ளைக்குக் கேடு வரும் இடத்தில்தான் கோடு இருக்கிறது.

அந்தக் கோட்டை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஓரளவு தெளிவாகவே போட்டிருக்கிறது. பிள்ளையை யார் பொறுப்பில் வைத்திருக்கிறாரோ அவரே அடித்துத் துன்புறுத்துவது, கைவிடுவது, வேண்டுமென்றே கவனிக்காமல் போடுவது, சட்டத்துக்கு மாறாக வேலைக்கு அனுப்புவது, பிச்சை எடுக்க விடுவது, உரிய வயதுக்கு முன்னால் கட்டிக்கொடுக்கப் பார்ப்பது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' ஆகிறது, வெளியார் உள்ளே வரலாம்.

ரெண்டு அடி போட்டால்கூடக் கேஸா?

பள்ளியில் அடிக்கவே கூடாது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்துவிட்டது. வீட்டில் அப்படி நேரடித் தடை இந்தியாவில் இல்லை. ஸ்வீடன் 1979லேயே வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது, பக்கத்து நேபாளம் 2018ல் போட்டது. நாம் இன்னும் போடவில்லை. பழைய ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டம், 89ஆம் பிரிவு, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு பாதுகாவலர் செய்யும் காரியத்துக்கு விலக்கு கொடுத்தது. அதன் இடத்தில் வந்த இப்போதைய நியாய சன்ஹிதாவிலும் 27ஆம் பிரிவாக அது இருக்கிறது. கண்டிப்புக்கு அடித்தோம் என்பவர்கள் சாய்ந்துகொள்வது இந்தச் சுவரில்தான்.

ஆனால் அந்தச் சுவர் அவ்வளவு உயரம் இல்லை. பெல்ட், கரண்டிக் காம்பு, சூடு போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது, ராத்திரி முழுக்க வாசலில் நிறுத்துவது, இதற்கெல்லாம் நல்லெண்ணம் என்ற சாக்கு செல்லாது. தேவையற்ற உடல் வேதனையோ மன வேதனையோ ஏற்படும்படி நடத்தினால் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பெற்ற தாய் தகப்பன் தங்கள் கைமீறிய சூழ்நிலையால் பிள்ளையைக் கைவிட நேர்ந்தது என்று தெரிந்தால் இந்தத் தண்டனை பொருந்தாது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதும், பொறுப்பைத் தாங்க முடியாமல் விழுவதும் வேறுவேறு என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

"எங்க அப்பா என்னை அடிக்காமலா வளர்த்தார், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பவர்களிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

சொந்தக் கடையில் பையன் கூடமாட உதவினால் குழந்தைத் தொழிலாளரா?

பள்ளி விட்டு வந்தபிறகு, லீவு நாளில், ஆபத்தில்லாத வேலை, சொந்தக் குடும்பத் தொழில் என்றால் தப்பில்லை. 2016ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. இந்த விலக்கையும் குழந்தை நட்சத்திரங்களுக்கான விலக்கையும் தவிர 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது. குடும்பத் தொழில் விலக்கே ஒரு பெரிய ஓட்டை என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்குள் பீடி சுற்றும் பிள்ளையைக் கேட்டால், சும்மா அம்மாவுக்கு உதவி என்று பதில் வரும். பீடி சுற்றுவது ஆபத்தான வேலைகள் பட்டியலில் இருக்கிறது, வீடானாலும் கூடாது என்பது பல வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அடுத்தது இதைவிடப் பழைய கதை. கடனுக்குப் பிள்ளையை விடுவது. டெல்டா மாவட்டங்களில் ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பப்பட்ட சிறுவர்களை மீட்ட செய்திகள் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1933ல், குழந்தையின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்க ஒரு தனிச் சட்டம் வந்தது. அடகு வைத்த பெற்றோருக்கு அபராதம் 50 ரூபாய் வரை, பிள்ளையை வேலை வாங்குகிறவருக்கு 200 ரூபாய் வரை. தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் யாருக்கு அதிகம் என்று பாருங்கள். இப்போதைய சட்டமும் அந்த வழியில்தான் போகிறது. வியாபார நோக்கம் இல்லாத பட்சத்தில் பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை. முதலாளிக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெண்ணுக்கு 18 ஆக இன்னும் ஆறே மாதம். ரெண்டு வீட்டுக்கும் சம்மதம், பெண்ணுக்கும் சம்மதம். தடுத்து யாருக்கு என்ன லாபம்?

ஆறு மாதம் என்பது பெரும்பாலும் பேச்சுக்குத்தான். பள்ளி டிசியைக் கேட்டுப் பார்த்தால் 15 என்று இருக்கும். அப்படியே ஆறு மாதம்தான் என்றாலும், ஆறு மாதம் தள்ளி வையுங்களேன், மாப்பிள்ளை எங்கே ஓடிப்போகிறார்? இதற்குப் பதில் வராது, ஏனென்றால் அவசரத்துக்கான காரணம் வேறு. தாத்தா சாகக் கிடக்கிறார், பெண் யாரோடோ பேசுகிறாள் என்று ஊரில் கிசுகிசு, தாய்மாமனுக்கு வயது ஏறுகிறது, நகை விலை ஏறுகிறது.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098க்கு யாரோ சொல்கிறார்கள். சமூக நலத்துறை அலுவலர், போலீஸ், விஏஓ எல்லாரும் ராத்திரி மண்டபத்துக்கு வருகிறார்கள். வாழைமரம் கட்டியாகிவிட்டது, சமையல்காரர் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். டிசியைக் காட்டு, ஆதாரைக் காட்டு என்று ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில் அப்பா ஸ்டேஷனில் உட்கார்ந்து, 18 முடியும் வரை கல்யாணம் செய்ய மாட்டேன் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மறுநாள் பேப்பரில் 'குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தம்'. அடுத்த மாதம் வேறு மாவட்டத்துக் கோயிலில், விடிவதற்கு முன்னால், பத்துப் பேர் முன்னிலையில் தாலி ஏறிவிடுகிறது.

அந்த வெள்ளைத் தாள் போதாது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 13ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம். உத்தரவு இருக்கும்போது தாலி கட்டினால் 14ஆம் பிரிவின்படி அந்தத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. உத்தரவு இல்லாமல் நடந்த திருமணம் தானாக ரத்தாகாது. வயது நிரம்பாமல் திருமணமானவர், பெண்ணானாலும் பையனானாலும், மேஜரான 2 ஆண்டுக்குள் கோர்ட்டுக்குப் போய் ரத்து கேட்க வேண்டும். புகுந்த வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் எத்தனை பேரால் அது முடியும்? ஆகவே தெரிந்தவர்கள் முதலிலேயே தடை உத்தரவு கேட்டு அழுத்துங்கள்.

நடத்திவைக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். பெண்களுக்குச் சிறை கிடையாது, அபராதம் உண்டு. இன்னொன்று, 2017ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, மனைவியே ஆனாலும் 18க்குக் கீழே என்றால் உடலுறவு பாலியல் வன்கொடுமைதான். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைப் பொறுமையாகச் சொன்னாலே பாதி கல்யாணம் தள்ளிப்போகும்.

தமிழ்நாட்டில் இது ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள்.

பெண் காதலித்து ஓடிப்போனால் மட்டும் போக்சோ, பெற்றோர் கட்டிவைத்தால் சம்பிரதாயமா?

குட்டையைக் கலக்கும் கேள்வி, ஆனால் நியாயமான கேள்வி. 2012ல் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், வந்தபோது சம்மத வயது 16லிருந்து 18 ஆனது. அதனால் 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் விரும்பிப் போனாலும் அது சட்டப்படி குற்றம். பெற்றோர் புகார் கொடுத்தால் பையன் ஜெயிலில், பெண் காப்பகத்தில். பையன் வேறு சாதி என்றால் புகார் இன்னும் வேகமாக வரும். பிள்ளையைக் காக்க வந்த சட்டம் பெற்றோரின் பிடியைக் காக்கும் சட்டமாக மாறுவது இந்த இடத்தில்தான். 15 வயதில் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்கத் தயங்காத வீடு, 17 வயதில் அவளே ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் "அவள் குழந்தை" என்று ஸ்டேஷனுக்கு ஓடுகிறது.

நீதிபதிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. 2019ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் விருப்ப உறவைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்று யோசனை சொன்னார். 2021ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்தினரின் காதலை தண்டிப்பது போக்சோவின் நோக்கம் அல்ல என்று சொல்லி ஒரு ஆட்டோ ஓட்டுநர் மீதான வழக்கையே ரத்து செய்தார். 2023ல் சட்ட ஆணையம் மட்டும் வயதைக் குறைக்க வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது. எனக்கு வயதை அப்படியே குறைப்பதில் தயக்கம் உண்டு, ஏனென்றால் 16 என்று ஆகிவிட்டால் 40 வயது ஆளும் "அவளுக்குச் சம்மதம்" என்பான். இரண்டு பேருக்கும் இடையிலுள்ள வயது வித்தியாசத்தைப் பார்க்கும் ஒரு விலக்கு போதும்.

தப்பு செய்தவர் அப்பாவோ சித்தப்பாவோ என்றால், வெளியே தெரியாமல் பெரியவர்கள் பேசி முடிக்கக் கூடாதா?

கூடாது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் சொல்வது கட்டாயம், போக்சோ 19ஆம் பிரிவு. சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் தன் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் 1 ஆண்டு வரை. பேசி முடித்த பெரியவர், தெரிந்தும் வாய்மூடிய அம்மா, பள்ளி பேர் கெட்டுவிடும் என்று அமுக்கிய தலைமை ஆசிரியர் எல்லாரும் இதில் வருவார்கள். குடும்பத்தில் உள்ளவரே செய்தால் தண்டனை கூடுதல், குறைவு அல்ல.

மானம் போகும் என்ற பயம் புரிகிறது. அதற்காகத்தான் பிள்ளையின் பெயர், பள்ளி, முகம் எதையும் வெளியிடக் கூடாது என்று இருக்கிறது. வாக்குமூலம் வாங்க ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை சொல்லும் இடத்திலோ, கூடியவரை பெண் எஸ்ஐ, யூனிபார்ம் இல்லாமல் வந்து வாங்க வேண்டும். வரவில்லை என்றால் கேளுங்கள்.

1098க்குச் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களா?

இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் நார்வே கதைதான். 2011ல் ஸ்டாவங்கர் நகரில் ஒரு இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளை அந்த நாட்டுக் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டினோம், பக்கத்தில் படுக்க வைத்தோம், அதற்காகவா என்று பெற்றோர் கேட்டார்கள். இந்திய அரசு தலையிட்டு 2012ல்தான் குழந்தைகள் ஊருக்கு வந்தார்கள். அந்த அளவுக்கு அதிகாரம் கொண்ட துறை இங்கே இல்லை, இருக்கவும் வேண்டாம்.

இங்கே நடப்பது இதுதான். 1098 என்பது 1996ல் மும்பையில் தொடங்கிய இலவச எண், 2023ல் அரசே நடத்த எடுத்துக்கொண்டது. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். பிள்ளையை வெளியே கொண்டுவந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர், மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம். அவர்கள் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுக்க ஆள் அனுப்புவார்கள். காப்பகம் கடைசி வழி, பிள்ளை தன் குடும்பத்தோடு சேர்வதுதான் முதல் நோக்கம் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊரில் என் கவலை நேர் எதிர்ப்பக்கம். அவசரமாக எடுத்துக்கொண்டு போவதைவிட, அவசரமாகத் திருப்பி அனுப்புவதுதான் அதிகம். அப்பா அழுதார், அம்மா காலில் விழுந்தார், அனுப்பிவிட்டோம், கோப்பு மூடியாயிற்று.

தடுப்பூசி வேண்டாம், வைத்தியம் வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால்?

தடுப்பூசியைக் கட்டாயப்படுத்துவதில்லை, வற்புறுத்துவார்கள். 2017ல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் பரவிய புரளியால் பல பெற்றோர் பள்ளிக்கு அனுப்பவே மறுத்தார்கள், அரசு நாளை நீட்டித்து, பேசிப் பேசித்தான் போட்டது. அதுவே சரியான வழி. ஆனால் பிள்ளை உயிருக்குப் போராடும்போது மந்திரிக்கிறேன் என்று வீட்டிலேயே வைத்திருப்பது கவனிக்காமல் போடுவதில் சேரும். ஆஸ்பத்திரி டாக்டரே குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லலாம்.

இந்தச் சட்டமெல்லாம் ஏழை வீட்டுக்கு மட்டும்தானா?

நடைமுறையில் கிட்டத்தட்ட ஆமாம். செங்கல் சூளைக்கு ரெய்டு வரும், கேட் போட்ட வீட்டுக்கு வராது. குழந்தை நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விதிப்படி மாவட்ட மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும், நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பேரில் வங்கியில் போட வேண்டும். படப்பிடிப்பிலாவது யாராவது கேட்பார்கள். வீட்டு ஹாலில் ரிங் லைட் வைத்து, 4 வயதுக் குழந்தையை அழவைத்து ரீல்ஸ் எடுத்து, துணிக்கடை விளம்பரக் காசு வாங்கும் அப்பா அம்மாவை யார் கேட்கிறார்கள்?

தடுத்தாயிற்று, மீட்டாயிற்று. அப்புறம்?

எல்லாம் சறுக்குவது இந்த 'அப்புற'த்தில்தான். கல்யாணத்தை நிறுத்திய வீட்டில் மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போயிற்று, கடன் இருக்கிறது, பெண் வீட்டில் இருக்கிறாள். பெற்றோரின் முடிவை மாற்றிய ஊரும் அரசும் அந்த முடிவின் செலவில் பங்கெடுக்காவிட்டால் பழைய முடிவே திரும்ப வரும். தமிழ்நாட்டு அரசுகள் இதை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தன. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 18 வயது, பத்தாம் வகுப்பு என்று நிபந்தனை போட்டுத் தாலிக்குத் தங்கமும் பணமும் கொடுத்தது. 2022ல் அது புதுமைப்பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வருகிறது. அப்பாவிடம் அவளுக்கு ஒரு பேச்சு வலு கிடைக்கிறது, போலீஸ் ஜீப்பால் கிடைக்காத வலு.

பள்ளி வயதில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளைகள், பெற்றோர் கடும் நோயில் இருப்பவர்கள், வேலையிலிருந்தோ குழந்தைத் திருமணத்திலிருந்தோ மீட்கப்பட்டவர்கள் கேட்கலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். இந்த அலகு இருப்பதே பல பேருக்குத் தெரியாது, கலெக்டர் ஆபீஸில் விசாரித்தால் இடம் சொல்வார்கள். வருமானச் சான்று வாங்க அலைய வேண்டியிருக்கும், பிள்ளை பேரில் வங்கிக் கணக்குத் திறக்க வேண்டியிருக்கும், கூலி வேலைக்குப் போகிற அம்மாவுக்கு இதற்கு ரெண்டு மூன்று நாள் கூலி போகும். 1098க்குப் போன் செய்தது நீங்கள் என்றால், அந்த அலைச்சலில் ஒரு நாள் நீங்களும் கூடப் போய் வாருங்கள்.